குப்பன் என்று ஏன் வைத்தார்கள்

மகனுக்கு மூன்று மாதம் முடிந்து நான் தாய்வீட்டிலிருந்து மலைக்குத் திரும்பிய அன்று, அவனைக் குப்பைமேட்டில் போட்டார்கள்.

போட்டார்கள் என்றால் எறியவில்லை. மாமியார் ஒரு புது முறத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியை மடித்துப் போட்டு, பிள்ளையைக் கிடத்தி, வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தார். என்னிடம் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் வந்த அலுப்பில் கால் கழுவிக்கொண்டிருந்த நான் அப்படியே ஓடினேன். மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, வேறு ஏதோ வேலையாக அந்த வழியே வந்தவரைப் போல வந்து, முறத்தைப் பார்த்து நின்றார்.

“யாரு பெத்த புள்ளயோ, குப்பையில கெடக்குது. கேக்க ஆளில்ல போல. நான் எட்துக்கினு போறேன்.”

சொன்னபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். சற்று நேரம் கழித்து மாமியார் ஒரு படி சாமைத் தவிட்டோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்று, குப்பையில் கிடைத்ததைத் தவிட்டுக்குத் தருவாயா என்று கேட்டார். அவர் ஆகட்டும் என்று தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார். இருவர் முகத்திலும் விளையாட்டே இல்லை. மாமியார் பிள்ளையின் காதில் “குப்பன், குப்பன்” என்று சொல்லி என் மடியில் போட்டார். என் கணவர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். இது யாருக்கும் வேண்டாத பொருள், தவிட்டுக்கு வாங்கியது, இதை ஏன் எடுத்துப் போகிறாய் என்று எமனிடம் சொல்வதைப் போல. பெண்ணாக இருந்தால் குப்பம்மா. என்னோடு ஆலங்காயத்தில் படித்த ஒரு குப்பனுக்கு முன்னால் பிறந்த ஒன்றும் தங்கவில்லை என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவனை டீச்சர்கூட அடிக்க மாட்டார்.

அதனால், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த எனக்கு, பெயர் அசிங்கமாக இருக்கிறதே என்ற வருத்தம் அன்று முதலில் வரவில்லை. முதலில் வந்தது வேறு. இது தலைச்சன் பிள்ளைக்குச் செய்கிற சடங்கு இல்லை. என் மகன் தலைச்சன். அப்படியானால் இந்த வீட்டில் அவனுக்கு முன்னால் செத்துப்போன பிள்ளை எது?

அன்று சாயங்காலமே மாமியாரிடம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பெரியவர்களிடம் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. ஏன் அத்தை இந்தப் பெயர் என்று, அரிசி களைந்துகொண்டே, பெரிதாக ஒன்றும் இல்லாததைப் போலக் கேட்டேன். “ஒரு வேண்டுதல்மா” என்றார். யாருக்கு வேண்டியது, எந்தக் கோயில் என்றால், அதெல்லாம் எதுக்கு என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டபோது, அது என் மாமனாருடைய அப்பாவின் பெயர் என்றார். அந்தப் பெயர் வேறு என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் கணவரை இன்னாரின் பேரன் என்று போட்டு அச்சடித்திருந்தது. புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவருடையது. அதனால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்று நானும் வற்புறுத்த முடியாது என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டு காரணம் சொன்னதால் இரண்டையும் நம்பவில்லை.

என் கணவரைக் கேட்டேன். அவர் காவலூரில், நட்சத்திரம் பார்க்கிற அந்தப் பெரிய தொலைநோக்கி இருக்கும் இடத்தில், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். இரவெல்லாம் அங்கே, பகலெல்லாம் தூக்கம். அம்மா ஆசைப்பட்டுச் செய்தாங்க, விடு என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். அவர் ஒருபோதும் பிள்ளையைக் குப்பா என்று கூப்பிட்டதில்லை என்பதை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். டேய் என்பார், பையா என்பார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்ல முடியாததற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

என்னைக் கட்டும்போது அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன் செங்கத்தில் ஒரு பம்புசெட் கடையில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். நல்ல சம்பாத்தியம், கெட்ட பழக்கம் இல்லை, ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று பெண் பார்க்க வந்தபோதே எங்கள் சித்தி முணுமுணுத்தார். தங்கைகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது என்றார்கள். அப்போது அது பெருமையாக இருந்தது. இப்போது அதே பதில் வேறு மாதிரி ஒலித்தது. செங்கத்தில் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்து செத்திருக்கிறது. அவளும் செத்தாளோ, விட்டுவிட்டு வந்தாரோ.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவர் முன்பு ஒருத்தியோடு வாழ்ந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை. அந்தப் பிள்ளை எதில் செத்தது? ரத்தத்தில் வருகிற நோயா? அப்பன் வழியில் வந்ததென்றால் அது என் மகனுக்கும் வருமே. அவன் தும்மினால் அந்தப் பிள்ளையும் இப்படித்தான் தும்மியதோ என்று தோன்றும். மாந்தம் வந்து வயிறு உப்பினால் இதேதானோ என்று தோன்றும். இவர்களுக்கு அது தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லாமல், ஒரு பெயரை மட்டும் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் முழுக்க நான் குப்பன்களைத் தேடினேன். தேடத் தேவையே இல்லை. ஆலங்காயத்துக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் குப்பன். சந்தையில் புளி விற்கிறவர் குப்பன். ஒரு நாள் சந்தை நடுவில் யாரோ ஒரு பெண் “டேய் குப்பா” என்று சத்தம் போட்டாள். நாலாபக்கமும் ஆண்கள் திரும்பினார்கள். ஒரு கிழவரும் திரும்பினார். சிரித்திருக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு சின்னப் புதைகுழி இருக்கிறது என்று நினைத்தேன். இத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறதென்றால் அது பிடித்துப்போய் வைத்த பெயர் இல்லை. கீழே டவுனில் ரமேஷ், சுரேஷ் என்று வைக்கிறார்களே, அது பிடித்துப்போய் வைப்பது. நானும் அப்படி ஒன்றை, வாரப் பத்திரிகை பார்த்து, வயிற்றில் இருக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

புளிக்காரரிடம் ஒரு நாள் துணிந்து, உங்களுக்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ரெண்டு போச்சாம் யம்மா. எமன் எனக்கும் வந்துதான் இருப்பான். குப்பைய பாத்துட்டு, இத யாரு சொமக்கிறதுன்னு வுட்டுட்டு பூட்டான். இன்னும் ஒரு பயலும் சீண்டல. பொண்ணு குடுக்கிறவன்கூட.”

கண்டக்டர் வேறு மாதிரி சொன்னார். அவருக்கு மேலே அண்ணன், அக்கா எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். தாத்தா பெயர் குப்பன், அதனால் பேரனுக்கும் வைத்தார்களாம். அதைக் கேட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தாங்க முடியாத ஆறுதல். அப்படியானால் பெயர் இருந்தாலே சாவு இருந்தது என்று அர்த்தமில்லை. நானாகத்தான் எதையோ கட்டிக்கொண்டிருக்கிறேன். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது ஞாபகம் வந்தது. கண்டக்டரை யாரும் குப்பையில் போட்டு எடுத்திருக்க மாட்டார்கள். பெயரை மட்டும் வைத்திருப்பார்கள். என் மகனைப் போட்டு எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவையும் நான் விடவில்லை. அவர் சாமையும் கொள்ளும் போட்டுப் பிழைக்கிற மலைக்காரர். தவிட்டுக்குப் பிள்ளையை விற்ற உறவில் தினமும் ஒரு தடவை வந்து அவனைத் தூக்குவார். என் புள்ள, நான் வித்த புள்ள என்று கொஞ்சுவார். உங்களிடம் என்ன சொல்லி அத்தை இதைச் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு இன்னா தெரியும் யம்மா. குப்பையில கெடந்துச்சு, எட்துக்கினேன்” என்றார். ஊர்க்கதை எல்லாம் தெரிந்தவர். இதில் மட்டும் ஒன்றும் தெரியாதாம். இவருக்கும் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று அப்போது உறுதியானது.

மழைக்காலத்தில் ஒரு நாள், என் கணவர் ஜெனரேட்டருக்கு ஏதோ பாகம் வாங்க வேண்டுமென்று செங்கத்துக்குப் போய் வந்தார். செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. அடுத்த வாரம் என் தம்பி முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தான். பேச்சுவாக்கில், மாமா போன வாரம் நம் வீட்டுக்கு வந்தாரே, அம்மாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாரே என்றான். என் தாய்வீடு இருக்கும் ஆலங்காயமும் செங்கமும் மலையின் எதிரெதிர்ப் பக்கம். அன்று அவர் செங்கத்துக்குப் போகவே இல்லை.

பொய் சொல்லிவிட்டு என் தாய்வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? உண்மையை என் அம்மாவிடம் சொல்லிப் பாரத்தை இறக்கி வைக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நொடி, இல்லை, அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும், எல்லோரும் சேர்ந்துதான் என்னைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கடுத்த நொடி, வழியில் தாகத்துக்கு இறங்கியிருக்கலாமே என்று அவருக்காக நானே பேசினேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்கவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் சட்டையை அலசும்போது பாக்கெட்டைத் துழாவிப் பார்க்கிறவளாக மாறிவிட்டேன்.

மகனுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. காலையில் லேசாகத்தான் இருந்தது. கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் மேலே சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. நானும் மாமியாரும் அவனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். டாக்டர் கீழே போயிருந்தார். நர்சம்மாதான் இருந்தார். எங்கள் பக்கத்துக்காரர். துணியை எல்லாம் கழற்றச் சொல்லி, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டுத் துடைத்து, ஊசி போட்டார். இழுப்பு நின்றது. பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தார். பெயர் கேட்டார். குப்பன் என்றேன். அவர் பேனா நின்றது.

“குப்பனா? அப்ப மூத்தது எதுல தவறிச்சு? அதுக்கும் இப்பிடி இழுப்பு வந்துச்சா? மறைக்காம சொல்லுங்க. டாக்டர் வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாரு.”

இதுதான் தலைச்சன் என்றேன். நர்சம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் சுவரில் ஒட்டியிருந்த அம்மை ஊசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னால் குரல் உயர்ந்தது. நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“அது யாரு வயித்துப் புள்ளயா வேணா இருக்கட்டும் அத்தை. எவளோடதுன்னு நான் கேக்க மாட்டேன், அவரையும் கேக்க மாட்டேன். எதுல செத்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எம் புள்ள உள்ள கெடக்குது.”

எவளோடது என்று நான் சொன்னபோது அவர் முகம் முதலில் புரியாமல் விழித்தது. பிறகு புரிந்தது. இத்தனை மாதம் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கு ஒரு நோவும் வர்ல. பொறக்கும்போதே மூச்சு இல்ல. எவளோடதும் இல்லம்மா. உன்னுதுதான். உன் வயித்துல ரெண்டு இருந்துச்சு.”

என் பிரசவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைசி மாதத்தில் கால் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து, எனக்கே இழுப்பு வந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுவரை தெரியும். கண் விழித்தபோது பக்கத்தில் மகன் இருந்தான். நடுவில் எத்தனை நாள் போனது என்றுகூட நான் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. பிழைத்தேனே, அதுவே பெரிது என்றார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஆண் பிள்ளைதான், அழவே இல்லை என்றார் மாமியார். சற்று நேரத்தில் பின்னாலேயே இவன் அழுதுகொண்டு வந்தான். எனக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை, இப்போது சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொதிப்பு இறங்கியதும், பால் வற்றிவிடும், சொல்லாதீர்கள் என்று என் அம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு எந்த நாளில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியாரும் சத்தியம் செய்தவர்தான். ஆனால் முன்னால் வந்தது போன பிறகு பின்னால் வந்ததை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. குப்பையில் போட்டு எடுத்தால், படித்த பெண், கட்டாயம் கேட்பாள் என்று என் அம்மா தடுத்தாராம். கேட்டால் கேட்கட்டும், புள்ள இருந்தாப் போதும் என்று இவர் செய்திருக்கிறார்.

உள்ளே நர்சம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மூத்தவன் பிறக்கும்போதே இறந்துவிட்டான், இழுப்பு வரவில்லை என்று. என் வாயிலிருந்து அந்தச் செய்தி வெளியே வந்தபோது அது எனக்கே தெரிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்படியானால் பயமில்லை, காய்ச்சல் ஏறினால் சில பிள்ளைகளுக்கு இழுக்கும், வளர்ந்தால் நின்றுவிடும் என்று அவர் எழுதிக்கொண்டார். டாக்டரும் வந்து அதையேதான் சொன்னார்.

கணவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கும் முன்பே அவர் அம்மா கண்ணால் சொல்லிவிட்டார். செங்கம் என்று சொல்லிவிட்டு அன்று ஆலங்காயத்துக்கு எதற்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். என் அப்பாவின் நிலத்து மூலையில்தான் பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள். மழையில் மண் கரைகிறது என்று என் அம்மா ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் போய்க் கல் அடுக்கி, முள் வைத்து அடைத்துவிட்டு வந்திருக்கிறார். “உன்கிட்ட மறைக்கணும்னு இல்ல. எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல” என்றார். செங்கத்தில் அவர் குடித்தனம் வைத்திருந்ததாக நான் முடிவுகட்டியிருந்ததை நான் சொல்லவில்லை. அவர் அம்மா சொல்லியிருப்பார்.

உண்மை தெரிந்தால் சந்தேகம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. மூச்சே இல்லையா, கொஞ்சம் இருந்து நின்றதா? சொல்லாமல் விட்டது இது ஒன்றுதானா? அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், கணவரிடம் தனியாகக் கேட்டேன், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தினால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று நினைத்தேன். எனக்காகப் பொய் சொன்னவர்கள்தான். ஆனால் அத்தனை பேரும் சேர்ந்து அத்தனை மாதம் முகம் மாறாமல் சொல்ல முடிந்ததே.

இரண்டாவதாக உண்டானபோது, மகனுக்குப் பள்ளியில் சேர்க்கிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் போகுமுன் மாமியாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். எனக்கு நினைவு இருந்தாலும் தப்பினாலும் அவர் என்னோடு உள்ளே நிற்க வேண்டும். எது நடந்தாலும், நான் கண் விழித்த உடனே, பால் வற்றினாலும் வற்றட்டும், உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார். இது நல்லபடியாகப் பிறக்கும்வரை பையன் பெயரில் கை வைக்கக் கூடாது. நான் பெயரை மாற்ற நினைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. சரி என்றேன்.

அந்தத் தடவை எனக்கு நினைவு தப்பவே இல்லை. பெண் பிறந்தது. அழுகிற சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். ஆனாலும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். “ஒண்ணுதாம்மா. நல்லா பாத்துட்டேன்” என்றார். நான் நர்ஸிடமும் கேட்டேன். நர்ஸ் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், யாரை வேண்டுமானாலும் கேள் என்றார். அன்றுதான் அவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சரிபார்க்காமல் விடலாம் என்று எனக்குத் தோன்றியது. உடனே முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே சொன்னார். இனிமேல் பையனுக்கு உனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள், இத்தனை வருஷம் தாண்டிவிட்டான், போதும். கணவரும், படிக்கிற இடத்தில் கேலி செய்வார்கள், மாற்றிவிடலாம் என்றார். ஹெட்மாஸ்டரும் சேர்க்கை அன்று அதையே கேட்டார். இந்தக் காலத்தில் யாரும் இப்படி வைப்பதில்லை, பின்னால் ஒரு குமாராவது சேர்த்துவிடட்டுமா என்றார். குப்பன் குப்புசாமியாகிப் பள்ளிப் பதிவேட்டில் ஏறுவதும், குப்புசாமி குமாராவதும் அவர் தினமும் செய்கிற வேலை.

நான் வேண்டாம் என்றேன். எமனுக்குப் பயந்தா என்றால், கொஞ்சம் அதுவும்தான். படித்திருந்தும் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் மறைத்தபோது இந்தப் பெயர் ஒன்றுதான் மறைக்கவில்லை. மகனைத் தூக்கி என் மடியில் போட்ட அன்றே அது சொல்லிவிட்டது. நான்தான் வேறு யார் வீட்டிலோ போய்த் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படியே எழுதுங்கள் சார், குப்பன் என்றேன். ஹெட்மாஸ்டர், இவன் மூத்தவன்தானே என்று கேட்டார். இரண்டாவது என்றேன்.